நெஞ்சளவுக்கு ஒரு நூல்

ராயபுரம்,
12 நவம்பர் 1944

என் பிரியமுள்ள மச்சானுக்கு உங்கள் தாஹிரா ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் மாமியும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நீங்களும் சுகம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அதை என்னால் நம்ப முடியவில்லை.

கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களோடு கோவேறு கழுதைக் கம்பெனியில் இருந்த இன்னாசி அண்ணன் கால் உடைந்து, பர்மாப் பக்கத்திலிருந்து போன வாரம் வீடு வந்து சேர்ந்தார். கேள்விப்பட்டதும் ஓடினேன். “ஜஹாங்கீருக்கு இன்னாம்மா, சோக்கா கீறாரு” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “பெல்ட்டுலதான் புச்சா மூணு ஓட்டை போட்டுகினாரு” என்றார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். உடனே அந்த ஊர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். மூன்று ஓட்டை என்றால் எத்தனை அங்குலம் மச்சான்? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடிதத்தில் கேட்டு என்ன பயன்? பாதி வரிகளில் பட்டாளத்தார் மை பூசிவிடுகிறார்கள். மீதியில் நீங்களே பூசிவிடுகிறீர்கள்.

அதனால் உங்கள் வித்தையை உங்களிடமே காட்டப்போகிறேன். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய கழுதைகளுக்கு வயிற்றுப் பூச்சி மருந்து கொடுக்க எடை தெரிய வேண்டும், தராசு கிடையாது என்று நாடாவும் கையுமாகத் திரிந்தீர்களே, அப்போது சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சுதான். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடு, அதை அதே அளவால் பெருக்கு, தோளிலிருந்து பின்புறம் வரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்கு, முந்நூறால் வகு, பவுண்டு வந்துவிடும். கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போனது. இப்போது வீடு வெறிச்சென்று கிடக்கிறது. கழுதைக் கணக்கானாலும் சரி, எதிரே உட்கார்ந்து சொல்ல மாட்டீர்களா என்று ஏங்குகிறேன்.

இதோடு ஒரு வெள்ளை நூல் வைத்திருக்கிறேன். சட்டையைக் கழற்றி நெஞ்சைச் சுற்றிப் பிடித்து, நூல் சேரும் இடத்தில் முடிச்சுப் போட்டு அனுப்புங்கள். நூலில் யாரும் மை பூச முடியாது. உங்கள் பழைய அளவு முப்பத்தெட்டு அங்குலம். சட்டை தைத்தவள் நான், மறக்கவில்லை. நாடாவைக் கண்டதும் மூச்சை நிரப்பி ஊதிக்கொள்ளும் கள்ளக் கழுதைகள் உண்டு என்பீர்களே, அந்த வேலையை என்னிடம் காட்டவேண்டாம். மூச்சை நன்றாக வெளியே விட்டுவிட்டு அளந்து பாருங்கள்.

மாமியிடம் பெல்ட் விஷயத்தைச் சொல்லவில்லை. மீன்காரப் பச்சையம்மா வஞ்சிரம் கொண்டுவந்தால், “எம்புள்ள வரட்டும், அப்பால வாங்கிக்கறேன்” என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். நாங்கள் இருவரும் நெத்திலியோடு காலம் தள்ளுகிறோம். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கவே காலைப்பொழுது சரியாகிறது.

நூல் குறைந்து வந்தால் அழுவேன், மறைக்கமாட்டேன். ஆனாலும் எவ்வளவு குறைந்தாலும் எனக்குச் சம்மதம். முடிச்சை மட்டும் வேறு யாரையும் போடச் சொல்லாதீர்கள். உங்கள் கை போட்ட முடிச்சு எனக்குத் தெரியும். எத்தனை அங்குலம் மிச்சமோ அத்தனையையும் அல்லாஹ் பத்திரமாக என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வாசலைப் பார்த்திருக்கும்,
உங்கள் தாஹிரா