நாற்பத்தொன்றாம் பக்கம்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே வெயில். ரிப்பேர் கடையைத் திறந்ததும் பட்டுக் கடைக்காரர் வீட்டம்மா குமுதா அக்கா வந்தார். ஆட்டோவில் ஒரு பெட்டி. கையில் தூக்கிப் போகும் பழைய கம்ப்யூட்டராம். கனம் தையல் மெஷின் அளவு. உள்ளங்கை அகலத்தில் பச்சைத் திரை. கல்யாணமான புதிதில் இதில்தான் சேலை பார்டர் வரைந்தாராம். ஃப்ளாப்பிகள் பத்திரமாக இருக்கின்றன. வேறு எந்த மெஷினும் அவற்றைப் படிக்காது.

"பொண்ணு முகூர்த்தப் பொடவைக்கு என் மொத பார்டரத்தான் போடணும் அமுதா. ஆவணியில கல்யாணம். தறியில ஏத்தணும், ஜல்தியா பாரு."

சரி என்றுவிட்டேன்.

மதியம் திறந்தால் பவர் சப்ளை கரி. மெயின் போர்டுக்கு ஒன்பது ஒயர், எல்லாமே கறுப்பு. எதில் 5 வோல்ட், எதில் 12? மாற்றிக் கொடுத்தால் போர்டு காலி. சர்வீஸ் மேனுவல் இல்லாமல் தொடக் கூடாது.

ஜூன் 12, வியாழன்

இரண்டு நாளாக நெட்டில் தேடல். கிடைத்தவை:
– விளம்பரத் தாள் ஒன்று.
– பயன்படுத்துவோர் கையேடு. ஃப்ளாப்பியை வளைக்காதீர், மூன்று இடத்தில்.
– சர்வீஸ் மேனுவல் ஸ்கேன், பக்கம் 40 வரை. பவர் சப்ளை 41இல் ஆரம்பம்!

சிரித்துவிட்டேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா, தனியா சிரிச்சிகினு கீற?"

முழு மேனுவல் யாரிடம் இருக்கிறது என்று முதல் நாளே தெரியும். இங்கே எழுதத்தான் மனம் வரவில்லை. வசந்தி. வேலூர் சர்வீஸ் சென்டரில் என்னோடு இருந்தவள். பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தாள். அங்கே ஒரு மானிட்டரை எரித்தது நான். ஓனர் கேட்டபோது வாயைத் திறக்கவில்லை. பழி அவள் மேல் விழுந்தது, வேலையும் போயிற்று. இருபத்தைந்து வருடமாகப் பேச்சில்லை.

ஜூன் 14, சனி

வசந்தி இருக்கும் கண்ணமங்கலத்துக்குப் போகவில்லை. இன்வெர்ட்டர் ரிப்பேர் இரண்டு. தலைவலி. தூறல். கண்ணமங்கலம் என்ன, டெல்லியா?

ஜூன் 15, ஞாயிறு

போனேன். வசந்தி மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறாள். முடி பாதி நரை. பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். கை நிற்கவில்லை, கம்பி சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னா வேணும்?"

பஸ்ஸில் தயார் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று. "அந்த மானிட்டர எரிச்சது நான்தான், வசந்தி."

"தெரியும். வந்து சொல்லுவேன்னு ஒரு மாசம் வாசலையே பாத்துகினு இருந்தேன். அப்பறம் வுட்டுட்டேன்."

மேனுவல் விஷயமும் சொன்னேன்.

"அப்போ இது இல்லன்னா வந்திருக்க மாட்ட?"

"மாட்டேன்."

கம்பியைக் கீழே வைத்தாள். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"உன் கையில குடுக்க மாட்டேன். செவ்வாக்கெழம நானே எடுத்துகினு வரேன்."

திரும்பும் பஸ்ஸில் நல்ல தூக்கம்.

ஜூன் 17, செவ்வாய்

முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். பக்கம் 41. ஒன்பது ஒயருக்கும் படம். ஓரத்தில் அவள் கையெழுத்தில், பென்சிலால்: "3, 4 தப்பா அச்சாயிருக்கு. மாத்திப் போடவும்." மேனுவலே தப்பு! நான் தனியாகச் செய்திருந்தால் போர்டு போயிருக்கும்.

வேறு சப்ளை பொருத்தினோம். ஒவ்வொரு ஒயரையும் அவள் படித்தாள், நான் மீட்டர் வைத்தேன். ஸ்விட்சை அவளையே போடச் சொன்னேன். பச்சை எழுத்து. மூன்றாவது ஃப்ளாப்பியில் பார்டர்: மாங்காய்க்குள் கிளி. கட்டம் கட்டமாக போட்டோ எடுத்துக்கொண்டோம்.

பார்க்க வந்த குமுதா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஐய, கிளி மூக்கு கோணலா கீதே! அப்டியே இருக்கட்டும்." பிறகு வசந்தியைக் காட்டி, "இவங்க உன் சிநேகிதியா?"

"கூட வேல செஞ்சவ" என்றாள் வசந்தி.

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். ஏறும்போது அவள், "வியாழக்கெழம ஒரு பெரிய மோட்டார் வருது. ஒண்டியா தூக்க முடியாது. வரியா?"

வருகிறேன் என்றேன். ஒன்பது மணி பஸ்.