லொரேனின் வெளி ஃபில்டர்

பிப்ரவரி 12, புதன்

லொரேன் தபால் வண்டியை ஆயில் மாற்றக் கொண்டுவந்தாள். கையில் வேறு யாரோ செய்த ஒரு வெளி ஆயில் ஃபில்டர். வண்டிக் கம்பெனியின் சொந்த ஃபில்டர் என் அலமாரியில் வரிசையாக நிற்கிறது, மகாராணிக்கு அது ஆகாதாம். தகர டப்பாவுக்குள் அட்டைச் சுருள், அவ்வளவுதான் அது என்றேன்.

“மாட்டுறதுதான் உன் வேலை, ரஸ். பிரசங்கத்தை வேற எவன்கிட்டயாவது வச்சுக்கோ.”

முப்பது வருஷமாக இன்ஜின் பிரிக்கிறேன். குனமுல்லா ஊரில் தபால் பை சுமக்கிறவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள்! மாட்டி முடிக்கும்வரை அவளைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

சொன்னேன் அல்லவா? எண்பது கிலோமீட்டரில் ஃபில்டர் பக்கம் ஆயில் பீய்ச்சி, தபாலோடு நடுரோட்டில் நின்றாள். ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் இன்ஜினை நிறுத்தினாளாம். அந்த மூளையாவது இருக்கிறதே. டிரெய்லரில் ஏற்றி வந்தேன். வழியெல்லாம் நான்தான் பேசினேன். இன்ஜின் போயிருந்தால் தபால் ஒப்பந்தமும் போய்விடும் என்று அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

பாரில் எல்லோரிடமும் அவள் ஃபில்டர் கதையைச் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள்.

பிப்ரவரி 15, சனி

ஃபில்டரைக் கழற்றினேன். ரப்பர் வளையம் இரண்டு.

ஒன்று புதிய ஃபில்டருடையது. மற்றது போன தடவை நான் மாட்டிய கம்பெனி ஃபில்டருடையது — இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் மேலேயே புதியதை முறுக்கியிருக்கிறேன். வளையம் இரண்டானால் இறுக்கம் நிற்காது, ஆயில் பீய்ச்சத்தான் செய்யும். விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்திருந்தால் போதும். தொழில் கற்கும் முதல் வாரத்தில் சொல்லித்தருவது. வாய் கிழியப் பேசினாயே, முட்டாள், கை எங்கடா போச்சு?

பழைய வளையத்தைக் குப்பையில் போட்டால் யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்ஜினுக்குச் சேதமில்லை. இரண்டு வளையத்தையும் லொரேன் வீட்டு மேஜையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவள் திட்டியிருந்தால் தேவலை.

“பார்ல யார் யார்கிட்ட சொன்ன?”

பெயர்களைச் சொன்னேன்.

“அத்தனை பேர்கிட்டயும் போய் இதையும் சொல்லு.”

பிப்ரவரி 17, திங்கள்

சொன்னேன். வெள்ளிக்கிழமையைவிட அதிகமாகச் சிரித்தார்கள்.

மே 7, புதன்

அடுத்த ஆயில் மாற்ற லொரேன் என்னிடம் வருவாள் என்று நினைக்கவில்லை. வந்தாள், அதே மாதிரி இன்னொரு வெளி ஃபில்டரோடு. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். பழையதைக் கழற்றியதும், கொஞ்சம் தள்ளு என்றாள். அடியில் கைவிட்டு, ஃபில்டர் உட்காரும் இடத்தை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள்.

“ம், இப்ப மாட்டு.”

மாட்டினேன்.