தலை எண்ணிய நாள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீயும் உன் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சின்னவளுக்குப் பல் முளைத்துவிட்டதா? புதுக் குடியிருப்பில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

நீ அனுப்பிய அறிக்கைப் புத்தகம் வந்தது. நல்ல வழவழப்பான தாள். மாநிலத்துப் புகையிலை ஆலைகளில் வேலைவாய்ப்பு ஏறுமுகம் என்று போட்டு, ஏணி மாதிரி ஒரு படமும் போட்டிருக்கிறாய். எங்கள் சிகரெட் ஆலையைப் பாராட்டித் தனியாக ஒரு பத்தி. கீழே உன் கையெழுத்து. முன்பென்றால் தெருவெல்லாம் காட்டியிருப்பேன். இப்போதோ, சீ, இதையா என் தம்பி எழுதினான் என்று அலமாரிக்கு மேல் வீசிவிட்டேன்.

புது இயந்திரம் வந்த மாதமே எங்கள் பெட்டி கட்டும் கூடத்தில் முக்கால்வாசிப் பேரை அனுப்பிவிட்டார்கள். இலை வெட்டும் பிரிவில் உன் அத்தானோடு சேர்த்து எல்லோரையும். அப்போதே உனக்கு எழுதினேன். அவர் இருமலைப் பற்றியும் எழுதினேன். வருத்தப்பட்டுப் பதிலும் போட்டாயே.

பிறகுதான் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். ஆள் குறைந்தது தெரிந்தால் அரசு தரும் வரிச்சலுகை போய்விடுமாம். கணக்கெடுக்கும் நாளுக்குப் பழைய ஆட்களை வரச்சொல், வருகிறவர்களைத்தான் முதலில் திரும்ப எடுப்போம் என்றார். கண்காணிப்பாளர் என்ற பெரிய பட்டத்தைச் சுமந்துகொண்டு நானே ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். ஒரே ஒரு நாள்தான் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

எந்நேரமும் எதையாவது பாடிக்கொண்டே பெட்டி கட்டும் பாட்டுக்காரி, புதிதாகக் கிடைத்த தையல்கடை வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். தொப்பியும் மேலங்கியும் கொடுத்து வரிசையில் நிறுத்தினோம். மூன்றரை மணிக்கு வாசலில் அவற்றைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்க்கா என்று என்னிடம் கேட்டாள். பைக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன். என்னை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சரி, நான் செய்தது தெரிந்தே செய்த பாவம். நீ? ஓட்டும் பட்டையே இல்லாமல் நின்றுபோன வெட்டு இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவது போல உன் அத்தானை நிறுத்தியிருந்தார்கள். தலை எண்ணும் அதிகாரியாகக் கோப்போடு வந்தாய். அவர் முகத்தைப் பார்த்தாய். எந்தப் பிரிவு, எத்தனை வருஷம் என்று கேட்டாய். வெட்டுப் பிரிவு சார், இருபத்தோரு வருஷம் சார் என்றார். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த மனுஷன் உன்னை சார் என்கிறார், நீ ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிட்டாய். அப்புறம் மேலாளர் அறையில் சாப்பாடு. வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் ரயிலேறிவிட்டாய்.

அவனுக்கும் மேல அதிகாரிங்க இருப்பாங்க, விடு என்கிறார் இவர். நான் எப்படி விடுவது?

போன வாரம், வேலை இழந்தவர்களுக்கான மருத்துவ அட்டை கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். அது இருந்தால்தான் நெஞ்சுச் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். எழுத்தர் உன் புத்தகத்தையும் நீ எண்ணிய பெயர்ப் பட்டியலையும் பிரித்து வைத்துக்கொண்டு, உங்க ஆலையில ஆள் கூடித்தானே இருக்கு, இவர் பேரும் வேலையில இருக்கறவங்களோட இருக்கு, பொய் சொல்லி அட்டை வாங்கப் பாக்குறீங்களா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எண்ணியவன் என் தம்பி என்று சொல்ல நாக்குக் கூசியது.

எண்ணியது தவறு என்று எழுதிக் கொடு. முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் வந்து மறுபடி எண்ணு. நான் அழைத்து வந்த எல்லோர் பெயரையும் எழுதி, கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அதற்காக என்னை வெளியே தள்ளினால் தள்ளட்டும். உனக்குப் பயமாக இருக்கும், எனக்கும்தான் இருக்கிறது. ஆனால் சிகிச்சையை அடுத்த மாதத்தைத் தாண்ட விடாதீர்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

உள்ளே என்ன எழுதியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. தம்பிய ரொம்பக் கேட்டதா எழுது என்று இருமலுக்கு நடுவில் சொன்னார். எழுதிவிட்டேன்.

நீ நீண்ட நாள் நன்றாக இரு, தம்பி. அவரும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா