அம்மாவுக்கு ஒரு மணி நேரம்

நியூயார்க், 1946

மார்ச் 5

ஹெஷல் இன்றும் ஆரம்பித்துவிட்டார். நாங்கள் விட்டு வந்த குரோத்னோ ஊர் யூதர்களின் சங்கத்தில் ஆண்டு விருந்து வருகிறது. அவர் செயலாளர், நான் அவர் மனைவி. ஆகவே ஊர்ப் பாட்டு என் தலையில்.

"நீ பாடலேன்னா சனம் எதுக்கு வரும்? உப்பு மீன் திங்கவா?" என்றார்.

அந்தப் பாட்டில் எங்கள் ஊர் நேமன் ஆறு வெள்ளியாய் ஓடுகிறது. ஜன்னலோரம் அம்மா வழி பார்த்து நிற்கிறாள். எங்கள் தெருவிலோ தோல் ஊறவைக்கும் நாற்றம்தான். அம்மா சந்தையில் வாத்து விற்றாள். ஜன்னலில் நிற்க அவளுக்கு ஏது நேரம்?

போர் முடிந்து பத்து மாதமாகிறது. அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

மார்ச் 7

பாட முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். ஹெஷல் குரலைத் தாழ்த்தினார். "துக்கம் காக்கிறவங்கதான் பாட மாட்டாங்க. நீ மேடை ஏறலேன்னா, உங்கம்மாவை நீயே சாகடிச்சிட்டேன்னு பேசுவாங்க."

பாடினால் அவள் உயிரோடு இருக்கிறாள். பாடாவிட்டால் செத்துப்போனாள். எப்படி மாட்டிக்கொண்டேன் பார்.

மார்ச் 10

தாய்க்குத் துக்கம் என்றால் ஒரு வருஷம் பாடக் கூடாது. பாத்திரம் தேய்க்கும்போது அது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. சீ, நானெல்லாம் ஒரு மகளா?

மார்ச் 12

ஒத்திகையில் தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொன்னேன். உடனே தேனும் எலுமிச்சையும் வந்துவிட்டன.

மார்ச் 20

பூனியா வந்தாள். எங்கள் தெருக்காரி, போன வாரம்தான் கப்பலில் வந்து இறங்கியவள். தேநீர் கொடுத்தேன். குடிக்காமல் தம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"நாப்பத்து மூணு குளிர்காலத்துல எங்க எல்லாரையும் ஸ்டேஷனுக்கு ஓட்டிட்டுப் போனாங்க, ஸ்லாவா. உங்கம்மா என் பக்கத்துல நடந்து வந்தா. நான் வழியில தப்பிச்சு ஓடிட்டேன். அந்த ரயில்ல போன யாரும் திரும்பல."

"ஏதாவது சொன்னாளா?"

"குளிருதுன்னு சொன்னா."

மார்ச் 21

நானும் ஹெஷலும் எங்கள் மத குரு ரபியிடம் போனோம். அம்மா போய் மூன்று வருஷமாகிவிட்டது. செய்தி இவ்வளவு தாமதமாக வந்தால் ஏழு நாள் துக்கமும் கிடையாது, வருஷமும் கிடையாதாம். சட்டையைக் கிழித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி, ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்தால் போதும். "சட்டம் அப்படித்தாம்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

உட்கார்ந்தேன். நேரம் முடிந்ததும் ஹெஷல் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். கால் மரத்துப் போயிருந்தது. பெற்றவளுக்கு ஒரே ஒரு மணி நேரம்! ஒரு வாத்துக்கு இறகு பிடுங்கவே அவளுக்கு அவ்வளவு நேரம் ஆகும்.

இனி நான் பாடத் தடையில்லை.

மார்ச் 24, ஞாயிறு

மேடை ஏறினேன். அம்மா வரும் அடியை எப்போதும் கூடமே சேர்ந்து பாடும். இன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லார் வீட்டிலும் யாரோ தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள் போல. என் குரல் மட்டும் தனியாக. அந்தப் பொய்யை நடுவில் நிறுத்தவும் முடியவில்லை. அழுகையோடு பாடி முடித்தேன். கைதட்டல் இல்லை. இறங்கப் போனேன்.

முன்வரிசையிலிருந்து பூனியா சொன்னாள், "இன்னொரு தடவ பாடு."

"அது நம்ம ஊர் மாதிரியே இல்லையே, பூனியா."

"தெரியும். நம்ம ஊரை நான் பார்த்துட்டுத்தானே வந்திருக்கேன். நீ பாடு."

பியானோக்காரரைப் பார்த்துத் தலையசைத்தேன். முதலிலிருந்து ஆரம்பித்தோம்.