இரண்டரை மணி நேரத் தூரம்

வியாழக்கிழமை, இரவு.

அப்பாவை விமானத்தில் ஏற்றவே கூடாது என்று டாக்டர் இன்று சொல்லிவிட்டார். நுரையீரல் தாங்காதாம். ஒரு நாளுக்கு மேல் ஆகும் ரயில் பயணமும் வேண்டாம் என்றார்.

அம்மா சென்னையில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். பேத்தியின் கல்யாணத்துக்குப் போன இடத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எழுந்து நடக்க முடியவில்லை. அப்பா இங்கே வெகு தூரத்தில், டாக்குரியாவில் என் வீட்டில் இருக்கிறார்.

திரும்பி வரும்போது டாக்ஸியில், "பிளேன்ல எவ்வளவு நேரம்மா ஆகும்?" என்று கேட்டார்.

"ரெண்டரை மணி நேரம்ப்பா."

"அவ்வளவுதானா? டிராஃபிக்ல இதே ஊர்ல இருக்கற பெஹாலா போயிட்டு வரவே அவ்வளவு ஆகுதே."



சாயங்காலம் அம்மா போன் செய்தாள். "டாக்டர் என்ன சொன்னார்? எப்போ வர்றீங்க?" என்றாள்.

அப்பா என்னை ஒரு முறை பார்த்தார். "எனக்கு அங்க வர இஷ்டமில்ல ராஜம். அந்த வெயில் ஒத்துக்காது" என்றார்.

அம்மா, "அப்போ அங்கேயே இருங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

"ஏம்ப்பா இப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கோவம்னா என்னைத் திட்டிக்கிட்டாவது இருப்பா. மூச்சு விட முடியலைன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாம்மா. நீயும் சொல்லாதே."

சரி என்று தலையாட்டிவிட்டேன்.

இப்போது அண்ணன் வாட்ஸ்அப்பில் கேட்கிறான். அம்மா ராத்திரி சாப்பிடவில்லையாம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுகிறாளாம். அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்கிறான்.

சொல்ல மாட்டேன் என்று அப்பாவிடம் தலையாட்டியிருக்கிறேன். அப்பா இருமுகிறார். போய்ப் பார்க்க வேண்டும்.