ஆடிக்கு வராத பெண்கள்

காலையிலிருந்து அம்மன் கோயில் ஒலிபெருக்கி அலறுகிறது. தெருமுனையில் அண்டா வைத்துக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சுகிறார்கள். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் அந்த வாசனையில் பேனாவை மூடிவிட்டேன். நீ போன பிறகு இது எத்தனையாவது ஆடி என்று எண்ண எனக்குப் பிடிக்கவில்லை, கணக்கு வாத்தியாராக இருந்தும். கூழ் என்றாலே நீ முகத்தைச் சுளிப்பாய். ஆனால் ஆடி பிறந்தால் போதும், ஊரில் எவளுக்கும் இல்லாத பரபரப்பு உனக்கு வந்துவிடும்.

"ஏட்டி, எதிர்வீட்டுக்காரி மவ வந்துட்டாளா?" என்று பல்கூடத் துலக்காமல் ஆரம்பிப்பாய்.

தண்டலத்துப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் கணக்கு, நீ ஆங்கிலம். நீ படித்ததற்கும் ஆங்கிலத்துக்கும் சம்பந்தமே கிடையாது. பன்னாட்டு உறவுகள் படித்தவளுக்கு அந்த நெடுஞ்சாலையில் எவன் வேலை கொடுப்பான்? மெக்கானிக்கல் பையன்களுக்கு வேலை விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் சேரப்பணஞ்சேரியில் நாம் வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறைக்கு வந்த பிறகுதான் உன் சொந்த வேலை தொடங்கும். பருவநிலை மாற்றமும் பன்னாட்டுப் பாதுகாப்பும். முனைவர் பட்டத்துக்கு நீ எடுத்துக்கொண்ட தலைப்பு அது. பாஸ்போர்ட்கூட இல்லாத பன்னாட்டு ஆராய்ச்சியாளர் என்று உன்னைக் கிண்டல் செய்வேன்.

அந்தத் தலைப்பைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் யார்? பாதுகாப்பு என்றால் ஏவுகணை, எல்லை, ராணுவம் என்று இருந்த காலம். பல்கலைக்கழகத்தில் உன்னை விசாரித்த குழுவில் ஒரு பெரியவர், "எல்லாம் சரிம்மா, இதுல எதிரி யாரு? எதிரி இல்லாம எப்படிம்மா செக்யூரிட்டி?" என்று கேட்டாராம். மழைதான் எதிரி என்று சொல்லலாமா என்று யோசித்தேன் என அன்றைக்கு வந்து நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதே எனக்கு வயிறு எரிந்தது.

நீ சொல்ல வந்தது எளிமையானது. மழை மாறினால் ஆறு மாறும். ஓர் ஆற்றைப் பங்குபோட்டுக்கொள்ளும் இரண்டு நாடுகள் ஒருநாள் காலையில் திடீரென்று சண்டை போடுவதில்லை. அதற்கு வெகுநாள் முன்பே எல்லையின் இரண்டு பக்கத்துச் சனங்களும் ஒருவரோடு ஒருவர் போக்குவரத்தை நிறுத்தியிருப்பார்கள். அந்த முதல் விரிசலைக் கண்டுபிடிக்க வழி உண்டா? இதுதான் உன் கேள்வி. எல்லைக்குப் போக உனக்குக் காசு இல்லை, யாரும் அனுப்பவும் இல்லை. அதனால் நம் ஊர் ஏரியையே எல்லை ஆக்கிக்கொண்டாய்.

மழை பொய்த்த அந்த வருஷங்களை யார் மறக்க முடியும்? ஒரகடத்தைச் சுற்றி ஒரு பக்கம் கம்பெனிகளுக்கு மண் கொட்டி நிரவினார்கள். இன்னொரு பக்கம் டேங்கர் லாரிகள் இரவு பகலாகத் தண்ணீர் இழுத்தன. ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் போர்வெல் போட்டு லாரிக்குத் தண்ணீர் விற்றார்கள். இந்தப் பக்கம் நம் கிணறுகள் சேறாயின. நம் ஊர்ப் பையன்கள் ஒருநாள் லாரியை மறித்தார்கள், கண்ணாடி உடைந்தது, கைகலப்பு ஆயிற்று. நம் வீட்டுக்கார அக்கா தன் பெண்ணை அந்தப் பக்கத்து ஊரில்தான் கொடுத்திருந்தாள். கல்யாணமாகி முதல் ஆடி. புதுப்பெண்ணை அழைத்து வரச் சீர்த்தட்டெல்லாம் வாங்கி வைத்திருந்தாள். ஆடி பிறந்தது, பெண் வரவில்லை.

"போய்க் கூப்டலையாக்கா?" என்றேன் நான்.

"இன்னா டீச்சர் நீ! நம்ம புள்ளைங்க அவங்க வண்டிய ஒட்ச்சி வெச்சிகீதுங்க. எந்த மூஞ்சிய வெச்சிகினு அந்த வூட்டு வாசல்ல நிக்கிறது? போனாலும் அனுப்ச்சிடுவாங்களா?" என்றவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நீ அவளுக்கு ஒரு ஆறுதலும் சொல்லவில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாய். கல்நெஞ்சக்காரி என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஏட்டி, போலீசு, கேசு எல்லாம் பொறவு வருது. இது முன்னாலயே வந்துட்டு பாத்தியா" என்றாய். உன் கண்கள் கலங்கியிருந்தன. ஆராய்ச்சியில் உனக்கு வழி கிடைத்ததற்காகவா, அக்காவுக்காகவா என்று நான் கேட்கவில்லை. இரண்டுக்குமாகத்தான் இருக்கும்.

அதற்கப்புறம் உன்னைப் பிடிக்க முடியவில்லை. சுற்றுவட்டார ஊர்களிலெல்லாம் வீடு வீடாகப் போய், ஆடிக்கு உங்கள் பெண் வந்தாளா, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரித்தாய். உன்னைக் கல்யாணத் தரகர் என்று நினைத்து ஜாதகம் நீட்டியவர்கள் உண்டு. எந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே பெண் வரத்து நின்றதோ, அங்கேதான் பின்னால் தண்ணீர்த் தகராறு போலீஸ், கேஸ் என்று முற்றியது. ஊருக்கு ஊர் அதையே கண்டாய். பெண்கள் வந்த ஊர்கள், வராத ஊர்கள் என்று அட்டவணை போட்டுத் தந்தவள் நான். வரைபடத்துக்கு நிறம் தீட்டியவளும் நான்தான். அந்தச் சில மாதங்கள் மாதிரி நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

உன் நெறியாளர் அதை ஒரே புரட்டில் முடித்தார். தில்லியில் பிறந்து தில்லியில் வளர்ந்தவர், பாதிக்குப் பாதி ஆங்கிலம் கலந்த தமிழ். "இன்ட்ரஸ்டிங்மா. ஆனா இன்டர்நேஷனல் செக்யூரிட்டியில ஆடிச் சீர் எதுக்கு? அத்தியாயத்தை எடுத்துடுங்க. டேபிளையும் மேப்பையும் வேணா பின்னிணைப்புல போட்டுக்கோங்க." நீயும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாய். உன் கட்டுரை ஒன்றுக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தபோதும் அப்படித்தான். முதலில் அவர் பெயர், விமானத்திலும் அவர். திரும்பி வந்து, கருத்தரங்கில் கொடுத்த துணிப்பையை உனக்குப் பரிசாகத் தந்தார். அதில் நீ வெண்டைக்காய் வாங்கி வந்தாய்.

நான் கத்தினேன். உனக்கு ரோஷமே இல்லையா என்று கேட்டேன்.

"யாரு பேருல வந்தா என்னட்டி? விசயம் வெளிய வந்தா போதும்லா" என்றாய், வெண்டைக்காயின் முனையை ஒடித்துப் பார்த்தபடி.

இந்த ஒரு வார்த்தைக்காக உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. பெருந்தன்மையாம். உன் பெருந்தன்மையில் குளிர் காய்ந்தவர்கள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியுமா? ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வாய்மொழித் தேர்வுத் தேதிக்காகக் காத்திருந்தாய். ஒரகடம் கூட்டு ரோட்டில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினவளை ஒரு டிரெய்லர் லாரி அடித்துவிட்டுப் போனது. எந்த லாரி என்று கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. வாய்மொழித் தேர்வு நடக்காததால் பட்டம் கிடையாது என்றார்கள். விதியாம். உன் அப்பா ஊரிலிருந்து வந்து, இறந்தவளுக்காவது கொடுக்கக் கூடாதா என்று கேட்டுக்கொண்டு பல்கலைக்கழக வராந்தாவில் நின்றது என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

போன வருஷம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெரிய ஓட்டலில் கருத்தரங்கு. பருவநிலையும் பாதுகாப்பும்! இப்போது இது நாகரிகமாகிவிட்டது, தெரியுமா? எதிரி யாரு என்று கேட்ட பெரியவர் கோட்டு மாட்டிக்கொண்டு முதல் வரிசையில் இருந்தார். எங்கள் கல்லூரியிலிருந்து என்னைச் சும்மா தலை எண்ணிக்கைக்கு அனுப்பியிருந்தார்கள். உன் நெறியாளர் மேடையேறினார். திரையில் நம் வரைபடம் வந்தது. நான் தீட்டிய ஊர்கள், கீழே அவர் பெயர்.

அதுவாவது போகட்டும். "ஆடி மாதத்தில் புதுப்பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தால், இரு குடும்பங்களுக்கும் மனக்கசப்பு என்று பொருள்" என்று ஆங்கிலத்தில் விளக்கினார். என் காது பழுதாகிவிட்டதோ என்று நினைத்தேன். பெண் கோபித்துக்கொண்டு தாய்வீடு வந்துவிட்டாள் என்று அவராகவே முடிவு கட்டியிருக்கிறார்! உன் அத்தியாயத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டவருக்கு வேறென்ன புரியும்? அதற்கேற்ப நிறங்களையும் மாற்றிவிட்டதில் படம் தலைகீழாகிவிட்டது. சண்டை போட்ட ஊர்களெல்லாம் பச்சை, சமாதானமான ஊர்களெல்லாம் சிவப்பு. ஆடிக்குப் பெண் அழைக்காத வீட்டுக்காரர் அந்த அரங்கில் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். ஆனாலும் ஆங்கிலத்தில் திரையில் வந்ததும் எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த படம் வந்தது. தொழிற்சாலைகளுக்குப் புதிதாக ஆழ்துளைக் கிணறு போட ஏற்ற அமைதியான இடங்கள். முதல் பெயர் நம் ஏரிக்கரை.

உட்கார்ந்தே இருந்திருக்கலாம். சொன்னால் அவர் தப்பைத் திருத்திக்கொள்வார், உன் வேலை பழுதில்லாமல் அவருடையதாகிவிடும். சொல்லாவிட்டால் என்றைக்காவது ஒருநாள் ஊர் சிரிக்கும், அவர் முகத்தில் கரி பூசும். அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. சத்தியமாக இருந்தது. ஆனால் அதற்குள் ஏரிக்கரையில் போர்வெல் இறங்கிவிடும், மறுபடி லாரி, மறுபடி கைகலப்பு. அக்கா மறுபடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவாள். நீயாக இருந்தால் யோசித்திருக்கவே மாட்டாய். நான் யோசித்தேன், அப்புறம் எழுந்தேன்.

பெண் வந்தால் சமாதானம், வராவிட்டால்தான் தகராறு, படம் முழுக்கத் தலைகீழ் என்று தமிழிலேயே சொன்னேன். அரங்கம் கொல்லென்று சிரித்தது, அதுவரை தலையாட்டிய அதே அரங்கம். இது உன் ஆராய்ச்சி என்றும் சொன்னேன். உன் பெயரை, உன் அப்பா பெயரோடு சேர்த்து, மைக்கில் சொன்னேன்.

அவருக்கு முகம் வாடக்கூட இல்லை. "வொண்டர்ஃபுல்! இதுக்குப் பேர்தான் ஃபீல்டு நாலெட்ஜ். ஆமா, அந்தப் பொண்ணு என் ஸ்டூடன்ட்தான், பாவம்" என்றார். எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

ஏரிக்கரையில் போர்வெல் போடவில்லை. மழையும் ஓரளவு பெய்தது. நேற்று அக்காவின் பெண் கைக்குழந்தையோடு வந்திறங்கினாள். உனக்கு இது போதும் என்று எனக்குத் தெரியும். எனக்குப் போதவில்லை.

போன வாரம் அவருடைய அறிக்கை அச்சாகி வந்தது. இப்போது படம் சரியாக இருக்கிறது. நன்றிப் பக்கத்தில் திருத்தம் சொன்னதற்காக என் பெயர். உன் பெயரைத் தேடினேன், அட்டையிலிருந்து அட்டைவரை. இல்லை. அவரையே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பேரு போடணும்னா அவங்க சம்மதக் கையெழுத்து வேணும் மேடம். ரூல்ஸ் அப்படி."

"என்கிட்ட நீங்க கையெழுத்து வாங்கலையே சார்?"

"நீங்க இருக்கீங்க இல்ல, வேணும்னா வாங்கிக்கலாம்" என்றார், ரொம்பப் பணிவாக.

மனதார அவர் நாசமாகப் போக வேண்டும் என்று நினைத்தேன். இன்னும் நினைக்கிறேன். நீ காதைப் பொத்திக்கொள்வாய், பொத்திக்கொள். இப்போதெல்லாம் அந்த அறிக்கையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், பேருந்திலானாலும் ஸ்டாஃப் ரூமிலானாலும், முதலில் உன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறேன். இவளுக்கு வேறு வேலையில்லை என்று முதுகுக்குப் பின்னால் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும். அந்தச் சலிப்பிலாவது உன் பெயர் அவர்களுக்கு மனப்பாடமாகட்டும்.