கோட்டூர்புரம் சிக்னலில் நான் பார்த்தது

சாந்தோம், சென்னை
செப்டம்பர் 4

அன்பு மகள் சான்ட்ராவுக்கு அம்மா எழுதுவது.

உனக்கும் மாப்பிள்ளை ஆஸ்வினுக்கும் கடவுளின் காவல் இருக்கட்டும். நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். இப்போதைக்கு அதையே நலம் என்று எழுத வேண்டியிருக்கிறது. போனில் நீ கேட்கத் தொடங்கியதும் நான் அழுதுவிடுகிறேன், நீ பயந்துபோகிறாய். எழுதினால் நிதானமாகச் சொல்ல முடியும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கனகராஜ் அங்கிள் மகள் நிஷா விடுமுறை முடிந்து அயர்லாந்து திரும்புகிறாள். அவள் கையில் இது வரும்.

என் தோள் எலும்பு கூடி வருகிறது. இடது கை இன்னும் கழுத்தில் மாட்டிய தூளியில்தான். அப்பாவின் காலில் வெளிப்பக்கமாகக் கம்பிகள் பொருத்தி வைத்திருக்கிறார்கள். இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் கால் நிற்கும் என்கிறார் டாக்டர். காலம் முழுக்க விசிலும் கையுமாக மைதானத்தில் ஓடிய டிரில் மாஸ்டர். கழிவறைக்குப் போக என் வலது தோளைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நடந்ததை நீ முழுதாகக் கேட்டதில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் சித்தி மகனின் புது வீட்டைச் சாமியார் ஜெபித்து மந்திரிக்கும் சடங்குக்குப் போய்விட்டு ஆப்பில் கார் போட்டுத் திரும்பினோம். ஓட்டியவர் பெயர் கதிரேசன். முப்பது வயது இருக்கலாம். கிண்டி தாண்டும்போது, "சார், ட்ரிப்ப இங்கயே கேன்சல் பண்ணிடுறீங்களா? அந்தக் காச அப்டியே எனக்குக் குடுத்துடுங்க. கம்பெனிக்காரன் பாதிய புடிச்சிக்கிறான் சார்" என்று கேட்டார். பாவம், பிழைக்கிற பிள்ளை என்று அப்பாவும் கேன்சல் செய்தார். எத்தனையோ பேர் செய்வதுதான்.

அதன் பிறகு அந்தப் பிள்ளை கலகலவென்று பேசிக்கொண்டு வந்தார். கோட்டூர்புரம் பாலம் வந்ததும் ஆற்றங்கரையைக் காட்டி, "இங்கதாம்மா எங்க வூடு இருந்திச்சு. இப்போ தூக்கி பெரும்பாக்கத்துல போட்டுட்டாங்க" என்றார். லேசான தூறல். பாலம் இறங்கியதும் சிக்னல். பச்சை எரிந்தது, சான்ட்ரா. நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன், எனக்கு நேராகத் தெரிந்தது. கதிரேசனின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. வலப்பக்கத்திலிருந்து ஒரு பெரிய கார் நிற்காமல் வந்தது. ஓட்டுநர் பக்கத்திலேயே மோதியது. அவருக்குப் பின்னால்தான் அப்பா உட்கார்ந்திருந்தார்.

கதிரேசன் மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார்.

நாங்கள் மயக்கத்தில் கிடந்தபோதே அந்தப் பெரிய காரை ஓட்டிவந்த அதன் சொந்தக்காரர் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். சங்கரன் என்று பெயர், அபிராமபுரத்தில் வீடு. டாக்சிக்காரன் செல்போனைப் பார்த்துக்கொண்டே சிவப்பு விளக்கில் புகுந்துவிட்டான் என்று எழுதியிருக்கிறது. போலீசும் அப்படியே வழக்குப் பதிந்துவிட்டார்கள். குற்றவாளி கதிரேசன். அவர் இறந்துவிட்டதால் வழக்கு அதோடு முடிந்துவிடுமாம்.

ஆப் கம்பெனிக்கு எழுதினோம். பயணம் கிண்டியிலேயே ரத்தாகிவிட்டது, விபத்து நடந்தபோது நீங்கள் எங்கள் பயணிகள் அல்ல, பயணிகளுக்கான காப்பீடு உங்களுக்குப் பொருந்தாது என்று பதில் வந்தது. அதைப் படித்த நாளிலிருந்து அப்பா போனைத் தொடுவதில்லை. எல்லாம் என் விரலால் வந்தது என்கிறார்.

போன ஞாயிறு பூசை முடிந்து நம் தெரு அன்பியக் குழுவில் ஜெபத்துக்கு வரும் லாரன்ஸ் வந்தான். அவன் அடையாறில் சங்கரனின் அலுவலகத்தில்தான் வேலை செய்கிறான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இனி யாரும் வழக்கைக் கிளறாதபடி, டாக்சி சிவப்பில்தான் வந்தது என்று நாங்கள் இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அப்பாவின் ஆபரேஷனைப் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் முழுச் செலவோடு சங்கரன் பார்த்துக்கொள்வாராம். "அக்கா, சொல்லச் சொன்னத சொல்றேன், அவ்ளோதான். எனக்கும் வேலை போயிடும்க்கா" என்று தலைகுனிந்து நின்றான். அவனைத் திட்டக்கூட எனக்கு மனம் வரவில்லை.

அப்பா போட்டுவிடலாம் என்கிறார். செத்தவன் திரும்பி வரப்போவதில்லை, என் கால் திரும்பி வரலாம் என்கிறார். நீயும் போனில் அதையே சொன்னாய். உங்கள் இருவரையும் நான் குறை சொல்லவில்லை. வலியில் கிடப்பவர் அவர். தூரத்தில் தவிப்பவள் நீ.

ஆனால் நேற்று கதிரேசனின் மனைவி வந்திருந்தாள். அன்புக்கரசி என்று பெயர். இரண்டு பஸ் மாறி, பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். சாட்சி சொல்லுங்கள் என்று கேட்பாள், என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே தண்ணீர் கொடுத்தேன். அவள் அதைக் கேட்கவே இல்லை. அப்பாவின் காலைப் பார்த்துவிட்டுக் குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "கடைசியா அவரு இன்னாம்மா பேசிக்கினு வந்தாரு?" என்று கேட்டாள்.

சொன்னேன். நீ கிறிஸ்துமஸுக்கு வந்தால் பிரியாணி செய்ய வேண்டும் என்று நானும் அப்பாவும் பேசிக்கொண்டிருந்தோம். அதைக் கேட்டு, "என் வூட்டுக்காரி பிரியாணில புதினாவ அள்ளிக் கொட்டிடுவாம்மா. கண்ணாலம் ஆனதுலேர்ந்து சொல்லணும்னு கீறேன், மனசு வர்ல" என்று சிரித்தார் கதிரேசன். அதைச் சொன்னதும் இந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். "அதான் தட்டுல ஓரமா ஒதுக்கி வெப்பாரா! கேட்டா வயிறு ரொம்பிடுச்சின்னுவாரு" என்றாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். அப்பா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இரவு முழுக்க ஜெபமாலை கையில் இருந்தது, ஜெபம்தான் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை, மகளே.

அம்மா


செப்டம்பர் 15

சான்ட்ரா,

நிஷாவின் பயணம் தள்ளிப்போனதால் இதையும் அதே உறையில் வைக்கிறேன். முதல் கடிதத்தைப் படித்துவிட்டு இதைப் படி.

நான் கையெழுத்துப் போடவில்லை.

முதலில் ஜஹீதாவைப் பார்க்கப் போனேன். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். இப்போது மயிலாப்பூரில் விபத்து வழக்குகள் நடத்துகிறாள். என் கையைப் பார்த்ததும், "டீச்சர், இவ்ளோ நாளா ஏன் வரல?" என்று கோபித்துக்கொண்டாள். ஆப் கம்பெனி கைவிட்டாலும் எங்கள் உரிமை போய்விடாதாம். பயணி மேல் எந்தத் தவறும் இல்லை, அதனால் தப்பு எந்தக் காரின் மேல் என்று முடிவானாலும் நாங்கள் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். டாக்சிக்கும் காப்பீடு இருக்கிறது, அந்தப் பெரிய காருக்கும் இருக்கிறது. ட்ரிப்பை ரத்து செய்ததால் டாக்சியின் காப்பீடு ரத்தாகிவிடாது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும். பணம் வரத்தான் காலமாகும், அதை மறைக்க மாட்டேன் டீச்சர் என்றாள்.

அன்புக்கரசிக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். ஜஹீதா பேனாவைக் கீழே வைத்தாள். தப்பு கதிரேசன் மேல் என்றே நின்றுவிட்டால் எதிர்க் காரின் காப்பீட்டிலிருந்து அவளுக்கு ஒன்றும் வராது என்றாள். முன் சீட் மறைத்ததால் அப்பா சிக்னலைப் பார்க்கவில்லை; நேராகப் பார்த்த ஆள் நான் ஒருத்திதான்.

அன்று மாலையே அப்பாவிடம் சொன்னேன். ஒளித்துச் செய்ய எனக்குத் தெரியாது. நான் பார்த்ததை எழுதிக் கொடுக்கப் போகிறேன், சங்கரன் ஆபரேஷன் செலவைத் தர மாட்டார், நாம் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்றேன். அவர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

காவல் நிலையத்தில் முதலில் உட்காரவே சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர், "முடிஞ்சு போன கேஸும்மா. வயசான காலத்துல உங்களுக்கு ஏன் இந்த அலைச்சல்?" என்றார். மறுபடி போனேன். மூன்றாம் முறை ஜஹீதாவும் கூட வந்தாள். வாக்குமூலம் வாங்க மறுத்தால் மறுக்கிறோம் என்று எழுதிக் கொடுங்கள் என்று அவள் சொன்ன பிறகுதான் ஒரு ஏட்டு எழுத உட்கார்ந்தார். பச்சை எரிந்ததைச் சொன்னேன், அந்தப் பிள்ளையின் இரண்டு கைகளும் எங்கே இருந்தன என்று சொன்னேன். வாசித்துப் பார்த்தபோது "விளக்கு சரியாகத் தெரியவில்லை" என்று எழுதியிருந்தது. அடித்துத் திருத்தச் சொன்னேன். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திருத்தினார். வெளியே மரத்தடியில் அன்புக்கரசி காத்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள்.

ஜஹீதா மேலதிகாரியிடம் கொடுத்த மனுவால் மறுவிசாரணைக்கு உத்தரவாகியிருக்கிறது. சங்கரனின் பெயர் வழக்கில் சேருமா என்று இன்னும் தெரியாது. பக்கத்துக் கட்டடத்து கேமரா பதிவை ஜஹீதா கேட்டிருக்கிறாள், கிடைக்குமா என்று அவளுக்கே சந்தேகம். லாரன்ஸ் இப்போது கோயிலில் என்னைக் கண்டால் வேறு வாசல் வழியாகப் போகிறான்.

அப்பாவுக்கு அரசு ஆஸ்பத்திரியில் தேதிக்காகக் காத்திருக்கிறோம். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் காலுக்கு நல்லதில்லை என்று நர்ஸான உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கால் நிற்காமல் போனால் அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். அது எனக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

நேற்று மனுவில் அப்பாவின் கையெழுத்து வாங்க ஜஹீதா வீட்டுக்கு வந்தாள். போட மாட்டார் என்றுதான் நினைத்தேன். காகிதத்தை வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு அவளைப் பார்த்து, "அந்தப் பையனோட கேஸையும் நீதான் பாக்குறியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றாள். கையெழுத்துப் போட்டார். அவள் போனதும் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நான் கொண்டுவந்த காபி ஆறிப்போனது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவரை அழைத்துப் பேசு. வழக்கைப் பற்றிக் கேட்காதே, எனக்காகப் பரிந்தும் பேசாதே. அங்கே குளிர் தொடங்கிவிட்டதா என்று சொல். ஆஸ்வின் போகும் கால்பந்து ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று சொல். அவர் பதில் சொல்ல ஆரம்பிப்பார். கொஞ்சம் நீட்டிப் பேசவிடு. அந்தக் குரலைக் கேட்டு எனக்குப் பல நாளாகிறது. சமையலறையில் குழாயை மூடிவிட்டு நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறேன்.

என்றும் உன் அம்மா,
வெரோனிகா